பிரதமர் வெளிநாடு போகிறார்... அவரது பி.பி. எவ்வளவு?

பிரதமர் எந்த நாட்டுக்குக் கிளம்பினாலும் நம் டைம்லைனில் இரண்டே கட்சிதான்.

"மறுபடியும் கிளம்பிட்டாரா? எத்தனை கோடி செலவு?" என்று ஒரு கட்சி.
"உலகமே நம்மைத் திரும்பிப் பார்க்குது" என்று மறு கட்சி.

யார் பிரதமராக இருந்தாலும் இதுதான். ஆட்சி மாறினால் வசனங்கள் கை மாறும், அவ்வளவே.

செலவுக் கணக்கை அது தெரிந்தவர்கள் பேசட்டும். நான் மருத்துவன். விமானப் படிக்கட்டில் ஏறி நின்று கையசைக்கும் அந்த மனிதரைப் பார்க்கும்போது எனக்கு வரும் கேள்விகள் வேறு.

இவரது ரத்த அழுத்தம் எவ்வளவு? சுகர் இருக்கிறதா? நேற்று ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினார்? போன இடத்தில் நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் எத்தனை நிமிடத்தில் டாக்டர் வருவார்? அவர் நினைவிழந்து கிடந்தால் இங்கே நாட்டின் சார்பாகக் கையெழுத்துப் போடப்போவது யார்?

"சார், அதெல்லாம் அவரோட பர்சனல்" என்பீர்கள்.

பர்சனல்தானா என்று பார்ப்போம். நீண்ட இழை இது, டீயோ காபியோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாம் எல்லோரும் கேள்விப்பட்ட ஒரு பயணம்.

லால் பகதூர் சாஸ்திரி அவர்களுக்கு 1959லேயே ஒரு முறை மாரடைப்பு வந்துவிட்டது. நேரு மறைந்த பிறகு, காங்கிரஸ் தலைவராக இருந்த நம் காமராஜர் முன்னின்று கருத்துக் கேட்டு அவரைத் தேர்வு செய்ய, 1964 ஜூன் 9 அன்று பிரதமராகிறார். பதவியேற்ற சில வாரங்களில் மீண்டும் மாரடைப்பு. அதனால்தான் அந்த ஜூலையில் லண்டனில் நடந்த காமன்வெல்த் பிரதமர்கள் மாநாட்டுக்கு அவரால் போக முடியவில்லை. அவருக்குப் பதிலாக நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி போனார்.

ஆக, இரண்டு அட்டாக் வந்த இதயம். இன்றைக்கு இருப்பதுபோல் ஆஞ்சியோ கிடையாது, ஸ்டென்ட் கிடையாது, பைபாஸ் கிடையாது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை கிடையாது. ஓய்வு எடுங்கள், உப்பைக் குறையுங்கள், டென்ஷன் ஆகாதீர்கள் என்பதுதான் அன்றைய வைத்தியத்தில் பெரும்பகுதி.

டென்ஷன் ஆகாமல் இந்தியாவின் பிரதமராக இருப்பது எப்படி என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்ததில்லை.

1965ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சோவியத் ஒன்றியம், கனடா, பிரிட்டன், யூகோஸ்லாவியா, டிசம்பரில் பர்மா. நடுவில் உணவுப் பஞ்சம். அதற்கும் நடுவில் பாகிஸ்தானோடு போர். செப்டம்பர் 23 அன்று போர் நிறுத்தம். அடுத்த ஜனவரி 4 முதல் தாஷ்கண்டில் பேச்சுவார்த்தை.

ஜனவரி மாதத் தாஷ்கண்டின் குளிரை நம் ஊர் மார்கழியோடு ஒப்பிட வேண்டாம். கடும் குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், பி.பி. ஏறும், ஏற்கெனவே அடிபட்ட இதயம் இன்னும் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். குளிர்காலத்தில் மாரடைப்புகள் கூடுவதை உலகம் முழுக்கப் பார்க்கிறோம்.

ஒரு வாரம் இழுபறி. ஜனவரி 10 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. நம் வீரர்கள் உயிரைக் கொடுத்துப் பிடித்த ஹாஜி பீர் கணவாயைத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்ட ஒப்பந்தம். ஊரில் என்ன சொல்வார்களோ என்ற கவலை அவருக்கு இருந்தது என்பதை உடன் போன பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் எழுதியிருக்கிறார்.

அன்று இரவு படுக்கப் போனவர், நள்ளிரவு ஒரு மணிக்கு மேல் இருமிக்கொண்டே எழுந்து நடந்து உதவியாளர்கள் இருந்த அறை வரை வந்து டாக்டரைக் கேட்கிறார். கைத்தாங்கலாக அழைத்துப்போய்ப் படுக்க வைக்கிறார்கள். அவருடைய மருத்துவர் ஆர்.என்.சுக் ஓடி வருகிறார். ஊசி, மார்பு அழுத்தம், செயற்கைச் சுவாசம் எல்லாம் நடக்கிறது. 1.32க்கு உயிர் பிரிந்தது. வயது 61.

ராத்திரி படுத்த பிறகு திடீர் மூச்சிறைப்பு, விடாத இருமல், எழுந்து உட்கார்ந்தால்தான் கொஞ்சம் தேவலாம் என்ற நிலை. இதைக் கேட்டதும் எந்த மருத்துவருக்கும் முதலில் தோன்றுவது, இதயம் பம்ப் செய்ய முடியாமல் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது என்பதுதான். அந்த நிலையில் நோயாளி ஓர் அடி நடப்பதும் ஆபத்து. அவரோ நடந்து வந்திருக்கிறார். படுக்கைக்குப் பக்கத்தில் போன் இருந்ததா இல்லையா என்பது பின்னால் நாடாளுமன்றம் வரை விவாதமானது.

(சந்தடி சாக்கில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் ஹார்ட் அட்டாக் வந்த அப்பாவோ தாத்தாவோ இருந்தால், அவர் கட்டிலில் படுத்தபடியே எட்டும் தூரத்தில் ஒரு போனோ காலிங் பெல்லோ வையுங்கள். தனி அறையில் கதவைத் தாழிட்டுப் படுக்க விடாதீர்கள். நெஞ்சு வலி, மூச்சிறைப்பு என்றால் அவரை நடக்க வைத்து ஆட்டோ ஏற்றாதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள்.)

சரி, விசயத்துக்கு வருவோம்.

நம்ம ஊர் லாட்ஜில் ஒருவர் தனியாகத் தங்குகிறார். இரவில் திடீரென இறந்துவிடுகிறார். உடலை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள். "சார், ஏற்கெனவே ரெண்டு தடவை அட்டாக் வந்தவர் சார், விட்டுருங்க" என்று சொந்தக்காரர்கள் கெஞ்சுவார்கள். டியூட்டி டாக்டர் விடமாட்டார். போலீஸுக்குத் தகவல், பிரேதப் பரிசோதனை, அப்புறம்தான் உடல். பெயர் தெரியாத சேல்ஸ் ரெப்பாக இருந்தாலும் இதுதான் நடைமுறை.

வேற்று நாட்டு மண்ணில், எதிரி நாட்டோடு ஒப்பந்தம் போட்ட அதே இரவில் இறந்த இந்தியப் பிரதமருக்குப் பிரேதப் பரிசோதனை அங்கேயும் நடக்கவில்லை. இங்கேயும் நடக்கவில்லை.

என்னைக் கேட்டால், அது மாரடைப்பாகத்தான் இருக்கும். முன் வரலாறு, வயது, குளிர், மன அழுத்தம், அறிகுறி எல்லாமே அந்தத் திசையைத்தான் காட்டுகின்றன. சோவியத் மருத்துவர்களும் டாக்டர் சுக்கும் சேர்ந்து கொடுத்த அறிக்கையும் மாரடைப்பு என்றுதான் சொன்னது. ஆனால் "இருக்கும்" என்பது வேறு, பரிசோதித்துப் பார்த்துச் சொல்வது வேறு. உடலில் நீலத்திட்டுகளைப் பார்த்ததாக அவர் குடும்பம் சொன்னது. உடலைப் பதப்படுத்தியதால் வந்த நிறம் என்று பதில் வந்தது. அந்தப் பதில் சரியாகவே இருக்கலாம். ஒரு சில மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய பரிசோதனையைச் செய்யாததால், 60 வருசமாக ஒரு குடும்பமும் நாடும் சந்தேகத்தோடு வாழ்கிறது.

2009இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது, சாஸ்திரியின் மரணம் பற்றித் தன்னிடம் ஓர் ஆவணம் இருப்பதாகவும், வெளிநாட்டு உறவு பாதிக்கும் என்பதால் தர முடியாது என்றும் பிரதமர் அலுவலகம் பதில் சொன்னது.

இந்த ரகசிய வியாதி நமக்கு மட்டும் உள்ளதல்ல. அமெரிக்காவில் இன்னும் மோசம்.

1944 மார்ச்சில் ரூஸ்வெல்ட்டை ஹோவர்ட் புருயென் என்ற இளம் இதய மருத்துவர் பரிசோதிக்கிறார். பி.பி. 186/108. இதயம் வீங்கியிருக்கிறது, செயலிழக்கத் தொடங்கியிருக்கிறது. மருந்து என்று கையில் இருந்தது டிஜிட்டாலிஸ்தான். மற்றபடி உப்பைக் குறை, சிகரெட்டைக் குறை. வெள்ளை மாளிகையின் தலைமை மருத்துவரோ நாட்டுக்கு "நன்றாக இருக்கிறார்" என்றே சொல்லி வந்தார். அதை நம்பித்தான் அந்த நவம்பரில் மக்கள் அவரை நான்காம் முறை தேர்ந்தெடுத்தார்கள்.

புருயென் பின்னால் எழுதியதில் என்னை உறுத்திய இடம் ஒன்று உண்டு. இத்தனை முறை வந்து ஏன் பார்க்கிறீர்கள் என்று ரூஸ்வெல்ட் ஒரு தடவைகூடக் கேட்கவில்லையாம். இப்படிப்பட்ட நோயாளிகளை எங்களுக்கு நன்றாகத் தெரியும். ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தால் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு "சரிங்க டாக்டர்" என்று கிளம்புவார்கள். தெரிந்துகொள்ளாமல் இருந்தால் நோயே இல்லை என்று ஒரு கணக்கு.

1945 பிப்ரவரி. யால்டா மாநாடு. ஸ்டாலின் தன் நாட்டை விட்டு வெளியே வர மறுத்துவிட்டார். ஆக, போலியோவால் நடக்க முடியாத, இதயம் தளர்ந்த மனிதர் போர்க்கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்து மால்டா போனார். தன் 63வது பிறந்தநாளைக் கப்பலிலேயே கழித்தார். அங்கிருந்து விமானத்தில் கிரைமியா, பிறகு மலைப்பாதையில் பல மணி நேரம் கார் பயணம். எட்டு நாள் பேச்சுவார்த்தை. நடுவில் அவரது நாடித்துடிப்பு ஒன்று பலமாக, ஒன்று பலவீனமாக மாறி மாறி அடித்தது. தளர்ந்த இதயத்தின் அடையாளம் அது.

சர்ச்சிலோடு வந்திருந்த அவரது மருத்துவர் லார்டு மோரன் ரூஸ்வெல்ட்டைத் தூரத்தில் இருந்து பார்த்தே, இவருக்கு இன்னும் சில மாதங்கள்தான் என்று தன் டைரியில் எழுதிவிட்டார். ஏப்ரல் 12 அன்று மூளை ரத்தக்கசிவில் ரூஸ்வெல்ட் இறந்தார். கூட்டாளி நாட்டு டாக்டருக்குத் தெரிந்தது, ஓட்டுப் போட்ட அமெரிக்கனுக்குத் தெரியவில்லை.

உடல்நிலை சரியாக இருந்திருந்தால் யால்டாவில் கிழக்கு ஐரோப்பாவின் விதி மாறியிருக்குமா? அவரது அறிவு தெளிவாகத்தான் இருந்தது என்கிறார் புருயென். நானும் "ரூஸ்வெல்ட்டின் பி.பி.யால் போலந்து போச்சு" என்று கதை கட்ட மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை ஓட்டுப் போட்டவர்களிடம் இருந்து பறிக்கப்பட்டது. என் கோபம் அதில்தான்.

"எதிரி நாடுகள் தெரிந்துகொண்டால் ஆபத்து சார்" என்று ஒரு வாதம் எப்போதும் வரும்.

2022 பிப்ரவரியில் புதினைப் பார்க்க மாஸ்கோ போன பிரான்ஸ் அதிபர் மக்ரோன், ரஷ்யர்கள் எடுக்கச் சொன்ன கொரோனா பி.சி.ஆர். டெஸ்ட்டை மறுத்துவிட்டார். அதனால்தான் இருவருக்கும் நடுவில் 6 மீட்டர் நீள மேசை! மீம் போட்டுச் சிரித்தோமே, அதே மேசை. மூக்கில் விடும் ஒரு குச்சி வழியாகத் தன் டி.என்.ஏ. அந்தப் பக்கம் போய்விடக் கூடாது என்பதுதான் காரணம் என்று செய்தி வந்தது. ஆக, வல்லரசுகள் ஒருவர் உடம்பை ஒருவர் உளவு பார்க்க முடியும் என்று வெளிப்படையாகவே நடந்துகொள்கின்றன. தெரிய வேண்டிய எதிரிக்கு எப்படியாவது தெரிந்துவிடும். தெரியாமல் இருப்பது சொந்த மக்களுக்குத்தான். 2016இல் 75 நாள் ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்துக்கொண்டு நின்ற தமிழ்நாட்டுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வெளிப்படையாகச் சொன்னால் தலைவரின் மதிப்பு குறைந்துவிடுமா?

வாஜ்பாய் அவர்களுக்கு 2000இல் ஒரு முட்டியும் 2001 ஜூனில் இன்னொரு முட்டியும் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. மும்பையில், நாடறிய. அடுத்த மாதமே ஆக்ராவில் முஷாரஃபோடு உட்கார்ந்து பேசினார். மன்மோகன் சிங் அவர்களுக்கு 2009 ஜனவரி 24 அன்று எய்ம்ஸில் பைபாஸ். அதுவும் இரண்டாவது முறை. எல்லோருக்கும் சொல்லப்பட்டது. 68வது நாள் லண்டன் ஜி-20 மாநாட்டில் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைக் குறைத்து மதிப்பிடவில்லை. சொல்லப்போனால், "பைபாஸ் பண்ணினா வாழ்க்கை முடிஞ்சுது" என்று பயந்தவர்களுக்கு அவர் ஒரு நடமாடும் விளம்பரம்.

ஆனால் அந்த 2009 விவகாரத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. பிரதமர் மயக்க மருந்தில் இருந்தபோது தற்காலிகப் பிரதமர் என்று முறைப்படி யாரும் இல்லை. பிரணாப் முகர்ஜி வேலைகளைக் கவனித்துக்கொண்டார், அவ்வளவுதான். நம் அரசியலமைப்பில் குடியரசுத் தலைவர் நோயுற்றால் துணைக் குடியரசுத் தலைவர் அவர் பணியைப் பார்ப்பார் என்று எழுதியிருக்கிறது. பிரதமர் இறந்தால் குடியரசுத் தலைவர் இன்னொருவரை நியமிப்பார். சாஸ்திரி இறந்த இரவில் குல்சாரிலால் நந்தா பதவியேற்றது அப்படித்தான். பிரதமர் இறக்கவில்லை, ஆனால் பக்கவாதம் வந்து வெளிநாட்டு ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரில் இருக்கிறார், பேச முடியவில்லை என்றால்? எழுத்தில் ஒன்றும் இல்லை.

அமெரிக்கா இதில் அடிபட்டுக் கற்றுக்கொண்டது. 1919இல் ஆறு மாதம் பாரிஸ் சமாதான மாநாட்டில் உழன்று, அங்கேயே கடும் காய்ச்சலில் படுத்து எழுந்த அதிபர் வில்சனுக்கு, ஊர் திரும்பிய சில மாதங்களில் பக்கவாதம். மனைவியும் மருத்துவரும் நாட்டுக்குச் சொல்லாமல் மறைத்தார்கள். பிறகு ரூஸ்வெல்ட், அதன் பிறகு கென்னடி கொலை. 1967இல் 25ஆவது திருத்தம் வந்தது. இப்போது என்ன நடக்கிறது தெரியுமா? 2021 நவம்பரில் பைடன் கொலனாஸ்கோபிக்காக மயக்க மருந்து எடுத்தபோது, 85 நிமிடத்துக்கு அதிகாரம் எழுத்துப்பூர்வமாகக் கமலா ஹாரிஸிடம் போய்த் திரும்பி வந்தது. குடலில் கேமரா விடும் நேரத்துக்கே அத்தனை ஏற்பாடு.

அதற்காக அமெரிக்க முறை அப்படியே வேண்டும் என்று சொல்லவில்லை. அங்கே ஆண்டுதோறும் அதிபரின் மருத்துவர் ஓர் அறிக்கை விடுகிறார். 2024 பிப்ரவரியிலும் பைடன் பணிக்குத் தகுதியானவர் என்று அறிக்கை வந்தது. அதில் நினைவாற்றல், சிந்தனைத்திறன் சோதனை எதுவும் இல்லை. ஜூன் மாதம் பிரான்ஸ் பயணம், திரும்பி வந்து இத்தாலி பயணம், அங்கிருந்து நேராக லாஸ் ஏஞ்சலிஸ். 27ஆம் தேதி டிரம்ப்போடு விவாதம். அன்று நடந்ததை உலகமே பார்த்தது. பயணக் களைப்பு என்று பிறகு காரணம் சொன்னார்.

ஜெட் லேக் என்பது நம் மூளைக்குள் இருக்கும் கடிகாரம் ஊர் நேரத்தோடு ஒத்துப்போகாமல் தவிப்பது. தோராயமாக ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் என்று சரியாகிக்கொண்டே வரும். மேற்கே போவதைவிடக் கிழக்கே போனால் கூடுதல் சிரமம். இத்தாலிப் பயணம் முடிந்து அன்றைக்கு 12 நாள் ஆகியிருந்தது. அந்தக் களைப்பு மட்டும் காரணமாக இருக்க முடியாது என்பது என் கருத்து. தலைவர் சம்பளத்தில் இருக்கும் ஒரே ஒரு மருத்துவர் எழுதும் நற்சான்றிதழுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை அந்த ஒரு இரவு காட்டிவிட்டது.

அந்த மருத்துவரைத் திட்டவும் மனம் வரவில்லை. நோயாளியின் ரகசியம் காப்பது எங்கள் தொழிலின் அடிப்படை. தலைவரே "சொல்லாதே" என்றால் அவர் என்னதான் செய்வார்? அதனால் இந்தப் பொறுப்பை ஒற்றை டாக்டர் தலையில் வைக்கவே கூடாது.

எனக்கு யாருடைய கொலஸ்ட்ரால் அளவும் வேண்டாம். மூலம் இருக்கிறதா, மலச்சிக்கலா என்பதும் வேண்டாம். வெவ்வேறு அரசு மருத்துவ நிறுவனங்களைச் சேர்ந்த நாலைந்து நிபுணர்கள் கொண்ட குழு, ஆண்டுக்கு ஒரு முறை பிரதமரைப் பார்த்து, இந்தப் பணியைச் செய்யும் உடல், மனத் தகுதி இருக்கிறதா இல்லையா என்று ஒரே ஒரு பக்கம் எழுதினால் போதும். 65 வயது தாண்டியவர் என்றால் நினைவாற்றல் சோதனையும் சேர்த்து. பிரதமர் வெளிநாட்டில் இருக்கும் நாட்களில் அவரால் இயங்க முடியாமல் போனால் யார் முடிவெடுப்பார் என்பது கிளம்பும் முன்பே அரசிதழில் பெயரோடு வரட்டும். பதவியில் இருக்கும்போது எதிர்பாராமல் இறந்தால், உள்நாடோ வெளிநாடோ, பிரேதப் பரிசோதனை கட்டாயம் என்று சட்டம் இருக்கட்டும். குடும்பத்தின் விருப்பத்துக்கோ அமைச்சரவையின் சங்கடத்துக்கோ அதை விடக் கூடாது. லாட்ஜில் இறக்கும் சேல்ஸ் ரெப்புக்கு இருக்கும் பாதுகாப்பு பிரதமருக்கும் கிடைக்கட்டும்.

இது இப்போதைய பிரதமரைக் குறிவைத்து எழுதியது என்று சிலர் கிளம்புவார்கள். 2014இல் நவராத்திரி விரதத்தில் ஒபாமாவின் விருந்து மேசையில் வெந்நீரோடு உட்கார்ந்திருந்தவர் அவர். 2024இல் போலந்தில் இருந்து கீவுக்குப் பத்து மணி நேர ரயில் பயணம் போய், அன்றே அதே ரயிலில் திரும்பியவர். அந்த வயதில் அது சாதாரண விசயமல்ல. நன்றாக இருக்கிறார் என்றால் அதை ஒரு குழு எழுதிக் கொடுப்பதில் யாருக்கும் நட்டமில்லை. அவருக்கும், அடுத்து வருபவருக்கும், எந்தக் கட்சியாக இருந்தாலும் இதே விதிதான் என்கிறேன்.

கேள்விகள் இருந்தால் கமெண்ட்டில் கேளுங்கள், டியூட்டி முடிந்ததும் பதில் போடுகிறேன். சாஸ்திரிக்கு விஷம் வைத்தது யார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்த வீடியோவை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். ஏற்கெனவே பதினைந்து பேர் அனுப்பிவிட்டார்கள்.